எந்தப் போதும்?

இந்தக் கதையில் குருவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. சீடர் குருவை 'டீச்சர்' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். காவியையும் தாடியையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

குருவின் பெயர் எப்சிபாய். பௌதிகம் படித்தவர். நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், ரப்பர் தோட்டத்துக்குள் இரண்டு மைல் நடந்தால் மலையடியில் ஒரு சுரங்கம் வரும். எப்போதோ தண்ணீர் கொண்டுபோக வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்ட சுரங்கம். அதுதான் அவருடைய ஆசிரமம். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஓட்டு வீட்டில் அவர் தனியாக இருந்தார்.

உலகத்தில் எந்தப் பொருளும் மற்ற எந்தப் பொருளையும் தன் பக்கம் இழுக்கிறது. பூமி மாங்காயை இழுப்பது நமக்குத் தெரிகிறது. மாங்காயை மாங்காய் இழுப்பது தெரிவதில்லை, அவ்வளவு மெல்லிய இழுப்பு. அந்த இழுப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் எண் உண்டு. சுரங்கத்துக்குள் அளந்துகொண்டிருந்தது அந்த எண்ணைத்தான்.

கருவி பார்க்கச் சாதாரணமானது. மயிரிழைக் கம்பி ஒன்றில் ஒரு தண்டு தொங்கும். தண்டின் இரு முனைகளிலும் கோலிக்குண்டு அளவில் இரண்டு உருண்டைகள். பக்கத்தில் இரண்டு பெரிய வெண்கல உருண்டைகளைக் கொண்டுவந்து நிறுத்தினால், சின்னவை பெரியவற்றின் பக்கம் துளி நகரும், கம்பி துளி முறுக்கும். எவ்வளவு முறுக்கியது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு ரீடிங்குக்கு ஒன்றரை நாள் ஆகும். நடுவில் மலைப்பாதையில் ஒரு லாரி போனால் அந்த ஒன்றரை நாள் வீண்.

எப்சிபாய் பெயர் வாங்கியது இந்த எண்ணால் அல்ல. இதை அளக்கப் போன இடத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்தார். மழையில் மலை தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டால், அந்த மலையும் கருவியை இழுத்தது. எந்தப் பக்கத்துப் பாறை எவ்வளவு குடித்திருக்கிறது என்று உள்ளே உட்கார்ந்தபடியே அவரால் சொல்ல முடிந்தது. மண்ணைத் தோண்டாமல் நிலத்தடித் தண்ணீரைத் தேடும் வழி ஒன்று அதிலிருந்து பிறந்தது. மேடை, மாலை, சால்வை எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சுரங்கத்துக்குத் திரும்பினார். சால்வைகளில் ஒன்று, உள்ளே மூலையில் இருந்த எடைத் தராசைத் தூசு படாமல் மூடி வைக்க உதவியது.

சீடர் சங்கரநயினார் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகத்தில் இருந்த அந்த எண்ணை இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதியவர். ஒரு வருஷம் எழுதும்போது, இதை நான் கண்ணால் பார்த்ததே இல்லையே என்று தோன்றிவிட்டது. சில பேருக்கு இப்படித்தான் கெட்ட காலம் ஆரம்பிக்கும். வேலையை விட்டுவிட்டு மலையடிக்கு வந்தபோது வயது ஐம்பத்திரண்டு.

முதல் நாளே எப்சிபாய் சொன்னார்.

"இந்தப் பெரிய உருண்டைங்க என்ன எடைன்னு கேப்பீங்க. ஒவ்வொண்ணும் பத்து கிலோ நானூறு கிராம்னு வச்சுக்கோங்க. அது பொய்."

"பொய்யா?"

"பொய்தான். நிஜ எடை தெரிஞ்சா, கணக்குப் போடும்போதே புத்தகத்து எண் வருதான்னு பாப்பீங்க. வந்தா நிறுத்திருவீங்க. வராட்டா தப்பைத் தேடுவீங்க. பொய்யை வச்சுப் போட்டா என்ன வந்தாலும் ஒண்ணும் வெளங்காது. நிம்மதியா வேலை பாக்கலாம்."

பிறகு அரக்கு வைத்து ஒட்டிய ஒரு கவரைக் கொடுத்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு உங்களுக்குத் தோணுத அன்னைக்கு, நோட்டுல சிவப்பு மையில 'போதும்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாத்தப்படாது. அன்னைக்கு இதைத் திறப்போம்."

"அதுவரைக்கும் கவர் யார்ட்ட இருக்கும்?"

"உங்ககிட்டதான்."

இன்னும் ஒரு விதி இருந்தது. கெட்டுப்போன ரீடிங்கை ஒரே கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். லாரி. இடி. கம்பி நழுவியது. இப்படி ஏதாவது ஒன்று.

பதினோரு வருஷம் போயிற்று.

சுரங்கத்தின் ஈரம் சங்கரநயினாரின் முழங்காலில் குடியேறியது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. அவர் மனைவி முதலில் ஊரிலிருந்து திட்டிக் கடிதம் எழுதினார், பிறகு ஊறுகாய் கொடுத்தனுப்பினார், நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். காரியம் முடித்துவிட்டு வந்த மறுநாள் சங்கரநயினார் கருவியின் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல ரீடிங் எடுத்தார். அன்றைய ரீடிங் நன்றாகவே வந்திருந்தது. அதை நினைத்து ரொம்ப நாள் அவருக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரிய உருண்டைகளைத் துணியால் துடைப்பார். நோட்டுகள் பத்து முடிந்து பதினொன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. 'போதும்' மட்டும் வரவில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு மத்தியானம், நோட்டுகளையும் கவரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எப்சிபாய் வீட்டுக்குப் போனார். நீர் வந்து வீங்கிய காலை முக்காலியில் நீட்டி எப்சிபாய் உட்கார்ந்திருந்தார். சங்கரநயினார் கடைசி நோட்டைத் திறந்து முன்னால் வைத்தார். சிவப்பு மையில் 'போதும்' என்று எழுதியிருந்தது. 'தும்' கொஞ்சம் கோணியிருந்தது. கீழே கையெழுத்தும் இருந்தது.

"திறந்துருவோமா டீச்சர்?"

எப்சிபாய் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும். இதைத் திறந்துருவோம்."

"கஞ்சி இருக்கு. உக்காருங்க."

காலை இறக்கி வைத்து எழுந்து கஞ்சி ஊற்றினார். பயறும் பாவக்காய்த் தீயலும் வைத்தார். பாவக்காய் ஒரு கரண்டி விழுந்ததுமே சங்கரநயினார் கையைக் குறுக்கே நீட்டி, "போதும் போதும்" என்றார். கஞ்சி இரண்டாவது கரண்டிக்கு, "போதும் டீச்சர்" என்றார். எப்சிபாய் கேட்காமல் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். சங்கரநயினார் எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினார்.

"போதும்னு சொன்னீங்க. கிண்ணம் காலி."

"ஊத்திட்டீங்க. வீணாக்க முடியுமா?"

"ரெண்டு கரண்டியில சொன்னீங்கள்லா, அது எந்தப் போதும்?"

சங்கரநயினார் யோசித்தார். "நீங்க சமைச்சதுல அள்ளி அள்ளிக் கேட்டா நல்லாருக்காதுல்லா."

"வெக்கத்துப் போதும். பாவக்காய்க்குச் சொன்னது?"

"அது கசப்பு."

"கசப்புப் போதும். வயிறு சொல்லுத போதும் ஒண்ணு இருக்கு. அது இன்னைக்கு இந்த வீட்டுக்கு வரவே இல்ல." எப்சிபாய் நோட்டின் மேல் விரலை வைத்தார். "இது எது?"

வெளியே ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கரநயினாருக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. போவதற்கு ஓர் இடம் இல்லை. தென்காசி வீட்டில் இப்போது யாரும் இல்லை.

"முடியல டீச்சர்."

"முடியலன்னா முடியலன்னு எழுதலாம். அதுல குத்தமில்ல. ஆனா போதும்னு எழுதியிருக்கீங்க."

"அது மட்டும் இல்ல." கவரைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். "நான் கவரைப் பாத்துட்டேன்."

எப்சிபாய் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு மழை நாளு. அவ போயி ஒரு வருஷம் ஆகியிருந்துது. இதெல்லாம் என்னத்துக்குன்னு தோணிட்டு. கவரை எடுத்து பல்புக்கு நேரா பிடிச்சேன். அரக்கு உடையல. எழுத்து மட்டும் தெரிஞ்சுது."

"ஆடி மாசம்லா?"

சங்கரநயினார் நிமிர்ந்தார்.

எப்சிபாய் எட்டாவது நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இங்க பாருங்க. லாரின்னு ஒண்ணு அடிச்சிருக்கீங்க. இது இடி. இது கம்பி. ஆனியில ரெண்டு அடிச்சிருக்கீங்க. ஆடி பத்துக்கு அப்புறம் ஒண்ணுகூட அடிக்கல. மூணு வருஷமா இந்த ரோட்டுல ஒரு லாரி போகலையா?"

"போச்சு."

"பின்ன ஏன் அடிக்கல?"

"பயம். எதை அடிச்சாலும், லாரிக்காக அடிக்கேனா, எனக்குப் பிடிக்காததுனால அடிக்கேனான்னு எனக்கே தெரியல."

"ம்."

"அன்னைக்கே தெரிஞ்சும் நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டா ரீடிங் கெட்டுரும்லா" என்றார் எப்சிபாய். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தார். "சரி, பாத்தீங்க. பாத்து என்ன தெரிஞ்சுது?"

சங்கரநயினார் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்தது இதுதான்.

"என் எண் தப்பு டீச்சர். பத்து கிலோ இருநூத்திப் பதினெட்டு. அதை வச்சுக் கணக்குப் போட்டா, புத்தகத்துல உள்ளதுல இருந்து எங்கயோ போயிருது. பதினோரு வருஷமும் வீண்."

"புத்தகத்து எண் எனக்கு ஒரு தடவை வந்துது. தெரியுமா?"

"தெரியாது."

"முப்பத்தொரு வயசுல. அச்சு அசலா அதே எண்ணு. வந்த அன்னைக்கே கருவியை மூடிட்டேன். எழுதி அனுப்பினேன். பாராட்டினாங்க. நாலு வருஷம் கழிச்சு ஏதோ தேடும்போது அந்தப் பழைய நோட்டைப் பாத்தேன். நாப்பத்தொரு ரீடிங் அடிச்சிருந்தேன். எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரே காரணந்தான். 'கெட்ட நாள்'னு."

"கெட்ட நாளா?"

"எண்ணு ஒத்து வராத நாளெல்லாம் கெட்ட நாள். தேதி பாத்தா அத்தனையும் மழைக்கு மறுநாள், அதுக்கு மறுநாள். மலை கனத்துக் கெடந்த நாளு. கருவி நிஜத்தைச் சொல்லியிருக்கு, நான் கோடு போட்டு அடிச்சிருக்கேன். எனக்குச் சால்வை போத்துனதெல்லாம் அந்த நாப்பத்தொண்ணுக்குத்தான். முதல்ல பாராட்டுன எண்ணு தப்புன்னு நானே எழுதிக் கொடுத்தேன்."

சங்கரநயினார் இதை எங்கும் கேட்டதில்லை. மேடைகளில் மலையைப் பற்றிச் சொன்னார்கள், தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். கோடுகளைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

எப்சிபாய் காய் நறுக்கும் கத்தியை எடுத்து அரக்கை உடைத்தார். உள்ளே இருந்த தாளை மேஜையில் விரித்தார்.

"இதுதானே பாத்தீங்க?"

"ஆமா. பத்து கிலோ இருநூத்திப் பதினெட்டு."

"இருநூத்திப் பதினெட்டு என்னன்னு தெரியுமா? அன்னைக்கு நான் ஏறி வந்த பஸ்ஸோட நம்பர்ல கடைசி மூணு."

சங்கரநயினாருக்குப் புரியவில்லை.

"நிஜ எடை இதுக்குள்ள இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா? இதைத் திறப்போம்னுதான் சொன்னேன்."

"அப்ப நிஜ எடை?"

"உருண்டையில இருக்கு."

"நீங்க எடை போட்டு..."

"போடல. நீங்க வந்த அன்னைக்குத்தான் புதுசா பட்டறையில வார்த்து நேரா ஜீப்புல வந்துது. இறக்கி வச்சதே நீங்கதான். எனக்குத் தெரிஞ்சிருந்தா என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. அதனால யாருக்குமே தெரியாம வச்சுட்டேன்."

சங்கரநயினாருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பஸ் நம்பருக்காக மூன்று வருஷம் தூக்கம் கெட்டிருந்தார். ஒரு பஸ் நம்பருக்காக, தன் வாழ்க்கை தோற்றுப்போய்விட்டது என்று செத்துப்போன மனைவியிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருந்தார்.

"பின்ன என்னத்துக்கு இந்தக் கவரு?"

"தராசும் உருண்டையும் பதினோரு வருஷமா ஒரே இடத்துல கெடக்குல்லா. ஞாயித்துக்கிழமை தோறும் துடைக்கீங்க. ஒரு நாளாவது தூக்கித் தராசுல வச்சுப் பாக்கத் தோணுச்சா?"

சங்கரநயினாருக்குத் தோன்றவில்லை. ஒருநாளும் தோன்றவில்லை.

"கவரு இருந்துது, அதனால தோணல. மனுஷன் எதையாவது திருட்டுத்தனமா பாக்கத்தான் செய்வான். பாக்க ஒண்ணைக் கையில கொடுத்துட்டேன்."

"என்னை நம்பலையா டீச்சர்?"

"நானா இருந்தா மூணாம் நாளே பாத்திருப்பேன் அண்ணாச்சி. நீங்க எட்டு வருஷம் தாங்கியிருக்கீங்க."

அதற்குமேல் சங்கரநயினாரால் கோபமாக இருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே அழுதார். எப்சிபாய் தாளை மடித்துக் கவருக்குள் போட்டார், கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தார், அழுது முடியட்டும் என்று காத்திருந்தார்.

"இனி என்ன செய்ய?"

"இப்ப உங்களுக்கு மறுபடியும் ஒண்ணும் தெரியாது. போயி அடிக்க வேண்டியதை அடிங்க."

சங்கரநயினார் பேனாவை எடுத்தார். மூன்று வருஷத்தில் அவர் அடித்த முதல் வரி, அன்று காலையில் எழுதிய 'போதும்'தான். ஒரே கோடு. விதி விதிதான் என்பதால் பக்கத்தில் காரணமும் எழுதினார். 'அலுப்பு.'

எப்சிபாய் அதைப் படித்துவிட்டு, "செல்லும்" என்றார்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. மூன்று வருஷத்து நோட்டுகளையும் மலைப்பாதைக் காவல்காரரின் லாரிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ரீடிங்காகப் பார்த்தார். இருபத்தாறு லாரி, நாலு இடி, ஒரு தும்மல். தும்மல் அவருடையது. நோட்டின் ஓரத்தில் அப்போதே சின்னதாகக் குறித்து வைத்து, அடிக்க மட்டும் தைரியம் இல்லாமல் விட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, காரணம் எழுதினார். எந்தக் கோட்டினால் எண் கூடும், எதனால் குறையும் என்பது தெரிந்தது. கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்பதுதான் தெரியவில்லை. எட்டு வருஷம் அப்படித்தான் இருந்தது. அது எவ்வளவு சுகம் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

உடம்பு மட்டும் அதே உடம்புதான். முழங்கால் வலித்தது. மத்தியானத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

இருபதாவது நாள் எப்சிபாய் வீட்டுக்குப் போனார். பையை வைப்பதற்கு முன்பே கஞ்சி வந்துவிட்டது. ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. நாலாவதில் பாதி விழுந்ததும் சங்கரநயினார், "போதும்" என்றார். கையைக்கூட நீட்டவில்லை.

கரண்டி அப்படியே நின்றது.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டைத் திறந்து, அடித்த சொல்லுக்குக் கீழே அதே சொல்லைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எப்சிபாய் செருப்பை மாட்டிக்கொண்டார். செருப்பின் வார் வீங்கிய காலுக்குப் பத்தவில்லை. இரண்டு பேருமாகச் சுரங்கத்துக்கு நடந்தார்கள். வழியில் மூன்று இடத்தில் நின்றார்கள். இரண்டு தடவை எப்சிபாய்க்காக, ஒரு தடவை சங்கரநயினாருக்காக.

உள்ளே மூலையில் தராசின் மேல் இருந்த சால்வையை எப்சிபாய் உருவினார். பதினோரு வருஷத் தூசு பறந்து இருவருக்கும் இருமல் வந்தது. தராசைச் சரிபார்த்துத் தட்டைத் துடைத்தார்கள். பிறகு முதல் உருண்டையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் தூக்கக்கூடியதுதான், ஆனால் இரண்டு பேருக்குமே தனியாகத் தூக்கும் வயது தாண்டியிருந்தது.

தட்டுக்கு நேரே வந்ததும் சங்கரநயினார் நின்றுவிட்டார்.

"டீச்சர், அந்த எண்ணு வருமா?"

எப்சிபாய்க்கு மூச்சு வாங்கியது.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. பிடிங்க, கனக்குது."